நேராகப் பறக்க மறுக்கும் ஆர்.சி. (ரேடியோவில் இயக்கும்) ஏரோபாட்டிக் விமானம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் வறண்டு கிடக்கும் ஏரிப் படுகைக்கு ஒரு தம்பி புது விமானத்தோடு வந்திருந்தார். எக்ஸ்ட்ரா 300 என்ற சாகச விமானத்தின் வடிவம், 1.2 மீட்டர் இறக்கை, பால்சா (எடை குறைந்த மரம்) உடம்பு. இரண்டு சுற்று ஓட்டி இறக்கியதும் முகம் வாடிவிட்டது.

"அண்ணா, இடது பக்கமே இழுக்குது. ஏலரான் டிரிம் பன்னெண்டு கிளிக் போட்டுட்டேன். இன்னும் சரியா நிக்கல."

"எப்ப இழுக்குது? ஃபுல் த்ராட்டில்லயா, பாதியிலயா?"

"ஃபுல்லுல."

"த்ராட்டிலைக் குறைச்சா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப வலப்பக்கம் சாயுதுண்ணா."

ஏலரான் என்பது விமானத்தைப் பக்கவாட்டில் உருட்ட இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பு; டிரிம் என்பது ஸ்டிக்கைத் தொடாமலே அதன் நடுநிலையைக் கிளிக் கிளிக்காக நகர்த்தும் பொத்தான்; த்ராட்டில் மோட்டாரின் வேகத்துக்கு. ஏலரானில் ஒரு கோளாறும் இல்லை. மோட்டார் பொருத்திய கோணத்தில் இருந்த பிழையைப் பன்னிரண்டு கிளிக் ஏலரானை வைத்து மறைத்திருக்கிறார். மோட்டார் அடங்கியதும் அந்தப் பன்னிரண்டு கிளிக் மட்டும் மிஞ்சி, விமானத்தை வலப்பக்கம் சாய்க்கிறது. நானும் என் முதல் இரண்டு விமானங்களை இப்படித்தான் ஓட்டினேன். எது நடந்தாலும் டிரிம் பொத்தான், அது போதாவிட்டால் மிக்ஸிங் (ஒரு ஸ்டிக்கை நகர்த்தினால் இன்னொரு பாகமும் சேர்ந்து நகரும்படி ரேடியோவில் அமைப்பது). இப்போதெல்லாம் என்ன ஆகிறது என்பதோடு எப்போது ஆகிறது என்பதையும் கேட்காமல் எதிலும் கை வைப்பதில்லை.

சோதனைக்கு ஏற்ற நேரம் காலை எட்டு மணிக்குள். அதற்கு மேல் தரை சூடேறி வெப்பக்காற்று கிளம்பிவிடும்; இறக்கை சாய்ந்தது விமானத்தாலா காற்றாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் இந்த வேலையே வேண்டாம். அம்மியையே பறக்கவிடும் காற்றில் ஒன்றரைக் கிலோ பால்சாவுக்கு டிரிம் பார்த்து ஆகப் போவது ஒன்றுமில்லை. இன்னொன்று: கமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. 2021 டிரோன் விதிகள்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 12 கி.மீ. வரை மஞ்சள் மண்டலம், அதாவது அனுமதி வாங்க வேண்டிய வான்பகுதி, நீளலாம். ஓமலூர்ப் பக்கத்து நண்பர்கள் இடம் தேடும் முன்பே வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

பறக்கவிடும் முன் மேசை மேல்

புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு ரேடியோவை ஆன் செய்யுங்கள். எல்லா டிரிம்மும் சப்டிரிம்மும் (ஒவ்வொரு பாகத்தின் நடுநிலையையும் ரேடியோ மெனுவில் நகர்த்தும் அமைப்பு) பூஜ்ஜியம். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோவின் (பாகங்களை நகர்த்தும் சின்ன மோட்டார்) கை, புஷ்ராடுக்கு (சர்வோவை அந்தப் பாகத்தோடு இணைக்கும் கம்பி) செங்குத்தாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். மிச்சத்தை மட்டும் சப்டிரிம்மில் சரிசெய்யலாம். பிறகு புஷ்ராட் நுனிக் கொக்கியான கிளெவிஸைத் திருகி எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), ஏலரான், ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்புவது) மூன்றையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சர்வோ கை சாய்ந்து நின்றால் மேலே போகும் தூரம் ஒன்று, கீழே போகும் தூரம் இன்னொன்று. அது வானத்தில் போய் வேறு வேடத்தில் வந்து நிற்கும்.

எலிவேட்டர் இரண்டு துண்டாக இருந்தால் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி இரண்டும் சமமாக நகர்கிறதா என்று மில்லிமீட்டர் கணக்கில் பாருங்கள். 50 மி.மீ. அகல எலிவேட்டருக்கு 10 மி.மீ. நகர்வு என்றால் ஏறத்தாழ 12 டிகிரி. முதல் பறப்புக்கு அது போதும். 3டி சாகசத்துக்குக் கேட்கிற 40 டிகிரி என்றால் 32 மி.மீ.; அது பிறகு.

அறிகுறி: ஸ்டிக்கை விட்டால் ஒரு பக்கம் சாய்கிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. ஒரே சாய்வுக்கு மூன்று காரணம் இருக்கலாம்: இறக்கை முறுக்கியிருப்பது, ஒரு பக்க இறக்கை கனமாக இருப்பது, மோட்டார் இழுப்பது. மூன்றையும் பிரித்துக் காட்ட மூன்று சோதனைகள் உண்டு.

முதலில் முக்கால் த்ராட்டிலில், நேர் நிலையில் டிரிம் செய்து நிறுத்துங்கள். இப்போது த்ராட்டிலைச் சட்டென்று மூடுங்கள். சாய்வு த்ராட்டிலோடு சேர்ந்து மாறினால் காரணம் மோட்டார். அதற்கான வைத்தியம் செங்குத்தாக ஏறும் அறிகுறியில் வருகிறது.

அடுத்தது வேகம். இறக்கை முறுக்கின் விசையும் சரி, அதை எதிர்த்து நீங்கள் போட்ட ஏலரான் டிரிம்மின் விசையும் சரி, இரண்டுமே வேகத்தின் வர்க்கத்தோடு கூடிக் குறையும். ஆகவே ஒரு வேகத்தில் சமமானால் எல்லா வேகத்திலும் ஏறத்தாழச் சமம். பாரம் அப்படியல்ல, வேகம் எதுவானாலும் 10 கிராம் 10 கிராம்தான். வேகமாகப் போகும்போது நேராக நின்று, இறங்க வரும்போது மெதுவாகி ஒரு பக்கம் சரிந்தால் பாரத்தைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, தலைகீழ்ச் சோதனை. எனக்குப் பிடித்தது இதுதான். நேராக டிரிம் செய்த விமானத்தை அரை ரோல் அடித்துத் தலைகீழாக நிறுத்துங்கள். இறக்கை முறுக்கு மட்டும் என்றால் தலைகீழாகவும் நேராகவே போகும். இடது இறக்கை கனம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்க வலப்பக்கம் ஏலரான் டிரிம் போட்டிருப்பீர்கள். தலைகீழானதும் கனமான இறக்கை தரையைப் பார்த்துத்தான் விழும். நீங்கள் போட்ட டிரிம்மும் இப்போது அதே திசையில் தள்ளும். இரண்டும் கூட்டுச் சேர்ந்து இரட்டிப்பாகச் சாயும். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பாரப் பிழைகூட இங்கே மாட்டிக்கொள்ளும்.

சரிசெய்ய வீட்டில் ஸ்பின்னரிலும் (புரொப்பெல்லரின் நடுக்கூம்பு) வால்முனையிலும் நூல் கட்டித் தொங்கவிட்டு, எந்த இறக்கை இறங்குகிறது என்று பாருங்கள். மேலே நிற்கும் இறக்கையின் நுனியில் ஈயம் ஒட்ட வேண்டும். வீல் அலைன்மென்ட் கடையில் அலாய் வீலுக்கு ஒட்டுகிற ஈயப் பட்டை வாங்கிக்கொள்வேன். 5 கிராம், 10 கிராம் துண்டாகவே வரும், பின்னால் பசையும் இருக்கும். 5 கிராமுக்கும் கீழே நறுக்க வேண்டி வந்தால் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் உறவினரின் தராசு இருக்கிறது. "ஈயத்துக்கு மில்லிகிராம் தராசாய்யா?" என்று அவர் சிரிக்காத நாள் இல்லை. நுனியில் ஒட்டிய ஈயத்தின் மேல் ஒரு சுற்று டேப் கட்டாயம். நம் ஊர் வெயிலில் பசை இளகும்.

அறிகுறி: தலைகீழாக்கினால் மூக்கு விழுகிறது, அல்லது மேலே ஏறுகிறது

இது சி.ஜி. (எடை சமநிலைப் புள்ளி) சமாச்சாரம். வழக்கமாக இறக்கையின் சராசரி அகலத்தில், முன் விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் தொடங்குவார்கள். சராசரி அகலம் 240 மி.மீ. என்றால் 30 சதவீதம் 72 மி.மீ. விமானத்தோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் முதல் பறப்புக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை: 45 டிகிரியில் மேலேற்றி, அரை ரோல் அடித்துத் தலைகீழாக்கி, எலிவேட்டரை விட்டுவிடுங்கள். சில நொடி அதே கோட்டில் போய், பிறகு மெல்லத் தரைப்பக்கம் வளைந்தால் நல்ல நிலை. விட்டதும் மூக்கைத் தொங்கப்போட்டால் முன்பாரம். யாரும் தொடாமலே வானத்தைப் பார்த்து ஏறினால் பின்பாரம், உடனே இறக்குங்கள்.

ஈயம் ஒட்டும் முன் பேட்டரியை நகர்த்துங்கள். 1200 கிராம் விமானத்தில் 200 கிராம் பேட்டரியை 30 மி.மீ. பின்னால் தள்ளினால் சி.ஜி. 5 மி.மீ. பின்னால் போகும். ஒரு தடவைக்கு அதற்கு மேல் வேண்டாம். நகர்த்திய இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். பேட்டரியை அடுத்த முறை மாட்டும்போது ஒரு விரல்கடை முன்னே வைத்துவிட்டு, "நேத்து நல்லாத்தானே பறந்துச்சு?" என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

அறிகுறி: செங்குத்தாக ஏற்றினால் கோடு வளைகிறது

அந்தத் தம்பியின் விமானத்துக்கு வருவோம். பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் கடிகாரமுள் திசையில் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிச் சுருண்டு வந்து, வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. வேகம் குறைந்து பவர் கூடுதலாக இருக்கும் நேரத்தில், அதாவது செங்குத்துக் கோட்டின் மேல் பாதியில், இது பளிச்சென்று தெரியும். அதற்காகத்தான் மோட்டாரை 2, 3 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைப்பது.

ஆனால் ரட்டர் டிரிம் தவறாக இருந்தாலும் கோடு வளையும். ஆகவே முதலில் இறங்கு கோடு. நல்ல உயரத்திலிருந்து த்ராட்டிலை மூடிச் செங்குத்தாக விழவிட்டு, மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். மோட்டாரின் பங்கு அங்கே ஏறத்தாழ இல்லை. திரும்பினால் அது ரட்டரின் பிழை. அதை டிரிம்மில் தீர்த்த பிறகே ஏறு கோடு.

ஏறு கோட்டுக்கு விமானத்தை உங்களிடமிருந்து நேராக விலகி, காற்றை எதிர்த்துப் போகவிட்டு, இறக்கை துல்லியமாக மட்டத்தில் இருக்கும்போது இழுங்கள். கேனோபி (விமானி அறையின் மூடி, அதாவது விமானத்தின் மேல்பக்கம்) உங்களைப் பார்த்து நிற்கும். விமானத்தின் இடது உங்கள் இடது, குழப்பமே இல்லை. இழுக்கும் நேரத்தில் இறக்கை இரண்டு டிகிரி சாய்ந்திருந்தாலும் பொய்யான வளைவு காட்டும். அதனால் ஐந்து முறை செய்து, நான்கு முறையாவது ஒரே பக்கம் போனால்தான் நம்புவது.

இடப்பக்கம் போனால் வல த்ரஸ்ட் (மோட்டாரின் வலப்பக்கச் சாய்வு) கூட்ட வேண்டும்: மோட்டார் மவுண்டின் இடது போல்ட்டுகளுக்கு அடியில் வாஷர். கேனோபி பக்கம் சாய்ந்தால் கீழ் த்ரஸ்ட்: மேல் போல்ட்டுகளுக்கு அடியில். வயிற்றுப் பக்கம் சாய்ந்தால் ஏற்கெனவே உள்ளதைக் குறையுங்கள். போல்ட்டுகளுக்கு இடையே 40 மி.மீ. தூரம் என்றால், அரை மி.மீ. வாஷர் 0.7 டிகிரி தரும், ஒரு மி.மீ. வாஷர் 1.4. அன்று நாங்கள் தம்பியின் விமானத்தில் காரின் பானெட் மேல் வைத்தே இடப்பக்கம் ஒரு மி.மீ. வாஷர் இரண்டு செருகினோம். ஏலரான் டிரிம் பன்னிரண்டும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியது. ஸ்பின்னர் கௌலிங்கின் (மோட்டார் மூடி) நடுவிலிருந்து கொஞ்சம் விலகித் தெரிகிறதே என்று வருத்தப்பட்டார். தெரியட்டும்.

அறிகுறி: இறுக்கமான லூப்பில் (செங்குத்து வட்டம்) ஒரு இறக்கை புரண்டு வெளியே வருகிறது

எப்போதும் ஒரே பக்கம் புரண்டால் பாரத்தையும் எலிவேட்டர் துண்டுகளையும் திரும்பப் பாருங்கள். இரண்டும் லூப்பில் ஒரே மாதிரி முகம் காட்டும். தரையில் ஸ்கேலும் நூலும் வைத்துத்தான் பிரிக்க முடியும். இந்த முறை இடம், அடுத்த முறை வலம் என்று புரண்டால் வேறு கதை: எலிவேட்டரை அதிகமாக இழுத்து இறக்கையை ஸ்டால் ஆக்குகிறீர்கள் (தூக்கும் விசையை இழக்க வைக்கிறீர்கள்). நகர்வைக் குறையுங்கள், அதோடு பின்பாரமா என்றும் ஒரு பார்வை.

அறிகுறி: நைஃப் எட்ஜில் (ஒரு இறக்கை மேலே, மற்றது கீழே) தானாக உருள்கிறது, அல்லது கேனோபி பக்கமோ வயிற்றுப் பக்கமோ ஓடுகிறது

மிக்ஸிங்குக்கு இங்கேதான் நியாயமான வேலை இருக்கிறது. ஆனால் மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு. முன்பாரமான விமானம் எலிவேட்டரில் மேல் டிரிம் சுமந்துகொண்டு பறக்கும். பக்கவாட்டில் படுத்தாலும் அந்த டிரிம் வேலை செய்து கேனோபி பக்கம் இழுக்கும். அதற்கு மிக்ஸ் போட்டால் நாளைக்கு சி.ஜி.யைத் திருத்தும்போது மிக்ஸையும் திருத்த வேண்டி வரும். எஞ்சிய பிழைக்கு ரட்டரிலிருந்து எலிவேட்டருக்கும் ஏலரானுக்கும் 3, 4 சதவீதத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். இடது ரட்டருக்கும் வலது ரட்டருக்கும் தனித்தனி எண் வருவது சகஜம்.

அறிகுறி: ரோல் அடித்தால் திசை மாறிவிடுகிறது

45 டிகிரி ஏற்றத்தில் வலப்பக்கம் இரண்டு ரோல், இடப்பக்கம் இரண்டு ரோல். மூக்கு ரோலுக்கு எதிர்ப்பக்கம் விலகினால் ஏலரான் டிஃபரன்ஷியலைக் கூட்டுங்கள், அதாவது இறங்கும் ஏலரானின் நகர்வைக் குறையுங்கள். ரோல் அடித்த பக்கமே விலகினால் குறையுங்கள். சமச்சீர் இறக்கையுள்ள விமானங்களில் மிகக் கொஞ்சமே தேவைப்படும். நிறைய தேவைப்பட்டால் சர்வோ கை செங்குத்தாக இல்லை என்று அர்த்தம், மேசைக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: தொட்டாலே துள்ளுகிறது

நகர்வு அதிகம், அல்லது எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு) தலைகீழ். ஃப்யூட்டபா ரேடியோவில் மென்மையாக்க மைனஸ் எண். ஸ்பெக்ட்ரம், ரேடியோமாஸ்டர் ஆகியவற்றில் பிளஸ். நண்பரிடம் கேட்ட எண்ணை அப்படியே போட்டால் மென்மைக்குப் பதில் முரட்டுத்தனம் கிடைக்கலாம். ஸ்டிக்கை நடுவிலிருந்து கால்வாசி நகர்த்தி, எக்ஸ்போ இல்லாததைவிட எலிவேட்டர் குறைவாக நகர்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். முதலில் 30 சதவீதம் போதும்.

அறிகுறி: டிரிம் நாளுக்கு நாள் மாறுகிறது

சர்வோ கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எலிவேட்டரை மறு கையால் ஆட்டுங்கள். விளிம்பில் ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தாலும் அது அதிகம். ஹார்னின் (எலிவேட்டரில் புஷ்ராட் மாட்டும் காது) துளை தேய்ந்திருக்கும், ஹார்னை மாற்றுங்கள். ஆட்டம் இல்லாவிட்டால் ஸ்டிக்கை மேலிருந்து மெதுவாக நடுவுக்கு விடுங்கள், எலிவேட்டர் நின்ற இடத்தில் பென்சில் கோடு. கீழிருந்து விடுங்கள், இன்னொரு கோடு. இரண்டும் வேறு வேறு என்றால் சர்வோ நடுவுக்கு வரத் தெரியாத சர்வோ. அதற்கு எந்த டிரிம்மும் உதவாது.

இரண்டும் சரி என்றால் வெயிலைக் குற்றம் சொல்லலாம். சித்திரை மாதம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் பால்சா விமானம் இரண்டு மணி நேரம் கிடந்தால் மேலே ஒட்டிய ஃபிலிம் தளர்ந்து சுருங்கி, இறக்கை லேசாக முறுக்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்தபடி ஃபிலிமை அயர்ன் செய்தால் திரும்பும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அறிகுறி: வேகத்தில் பம்பரம் போல ரீங்காரம் கேட்கிறது

ஃப்ளட்டர், அதாவது ஏலரான் போன்ற பாகம் படபடவென்று அதிர்வது. உடனே த்ராட்டிலை மூடி, மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, இறக்கிவிடுங்கள். இன்னொரு சுற்று போய்ப் பார்ப்போம் என்று நினைத்தால் ஏலரான் தனியாகவும் விமானம் தனியாகவும் இறங்கும். புஷ்ராட் ஆட்டம், தளர்ந்த ஹிஞ்ச் (கீல்), அகன்ற இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். ஹிஞ்ச் இடைவெளியை அடிப்பக்கம் கண்ணாடி டேப் ஒட்டி மூடுவது ஃப்ளட்டருக்கு மட்டுமல்ல, இரண்டு ஏலரானும் ஒரே அளவு வேலை செய்யவும் உதவும்.

அறிகுறி: சேலத்தில் சரி, ஏற்காட்டில் சரியில்லை

கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டி விமானத்தை மேலே கொண்டுபோனதும் முதல் வேலை, ரேடியோவை ஆன் செய்வதல்ல. கிளெவிஸ், ஹார்ன் திருகு, இறக்கை போல்ட், பேட்டரி வெல்க்ரோ எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். டிக்கியில் உருண்டுவந்த விமானம் அது.

அதன் பிறகும் மந்தமாக ஏறி, இறங்கும்போது தரையைத் தாண்டித் தாண்டி ஓடினால் பயப்பட ஒன்றுமில்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டர். சேலத்து 35 டிகிரி வெயிலோடு ஏற்காட்டின் 20 டிகிரி காலையை ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. வெப்பநிலை ஒன்றாக இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அடர்த்தி 9 சதவீதம் குறைந்தால் அதே இறக்கை அதே பாரத்தைத் தாங்க 5 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். ஸ்டால் வேகமும் அதே அளவு கூடும். கீழே பழகிய கண் "மெதுவாத்தான் வருது" என்று சொல்லும் வேகத்தில் மேலே இறக்கை கைவிட்டுவிடும். இதற்கு டிரிம்மில் மருந்து இல்லை; கொஞ்சம் வேகமாக இறக்கப் பழக வேண்டியதுதான். சில்வர் ஓக் வரிசைக்குப் பின்னால் காற்று சுழன்று விழும் இடத்தில் டிரிம் சோதனையும் செய்யாதீர்கள்.

குளோ இன்ஜின் (எரிபொருளில் ஓடும் சின்ன இன்ஜின்) வைத்திருப்பவர்களுக்கு: காற்று குறைவதால் கலவையில் எரிபொருள் விகிதம் கூடிவிடும், எரிபொருள் ஊசியைக் கொஞ்சம் மூடவேண்டி வரும். கீழே வந்ததும் திரும்பத் திறக்க மறந்தால் இன்ஜின் சூடேறி நிற்கும்.

எலக்ட்ரிக்கில் காற்று மெலிந்திருப்பதால் மோட்டாருக்குச் சுமை குறைகிறது. ஆகவே கொஞ்சம் பெரிய புரொப்பெல்லர் தாங்கும். 12க்கு 6 (அங்குலத்தில் விட்டமும், ஒரு சுற்றில் முன்னேறும் பிட்ச்சும்) ஓட்டியவர் 12க்கு 7 போடலாம். விட்டத்தை 13 ஆக்காதீர்கள். ஓர் அங்குல விட்டம் சுமையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டிவிடும். நான் போன டிசம்பரில் அப்படி 12க்கு 7 மாட்டி, மேலே இரண்டு நாள் ஆனந்தமாக ஓட்டினேன். கீழே வந்து அதே புரொப்பெல்லரோடு மத்தியானம் பதினொரு மணிக்கு ஏரிப் படுகையில் ஏற்றினேன். நான்காவது நிமிடம் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) சூடேறி மோட்டாரை வெட்டியது. படுகை ஓரத்து வேலிக்கருவைக்குள் இறங்கிய விமானத்தை எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முழங்கை முழுக்கக் கீறல். இப்போது ஏற்காட்டுப் புரொப்பெல்லரின் நடுவில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி இருக்கிறது. வீட்டில் கேட்காமல் எடுத்ததற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.